குறளுருவும் தாய்மையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

குறள் என்னும் சொல்லுக்குத் தமிழில் இருவேறு வாழ்வுகள் உண்டு. ஈரடி வெண்பாவுக்குப் பெயராக நிற்கையில் அது தமிழரின் பெருமிதம். ஏழே சீரில் முடிந்துவிடுகிறதே என்று எவரும் குறைப்பட்டதில்லை. அதே சொல் உயரம் குறைந்த மனிதரைச் சுட்டுகையில் நம் குரல் மாறிவிடுகிறது. அகராதிகளும் குறுமை, குள்ளர், பூதம் என்று பொருள்களை அடுக்கிக்கொண்டே போகின்றன.

இச்சொல்லைத் தாங்கிய ஆண் உருவங்கள் நமக்கு நன்கு அறிமுகமானவை. மாவலியிடம் மூன்றடி மண் இரந்து உலகை அளந்தவன் குறளன். மீனாட்சி திருமணத்தில் சோற்றுக் குவியலைத் தின்று தீர்த்து, தாகம் தணிய வைகை வருவதற்குக் காரணமான குண்டோதரன் ஒரு குறட்பூதம். ஆனால் குறளுருக் கொண்ட பெண் ஒருத்தியை, அதிலும் கருவுற்றுப் பிள்ளை பெற்ற ஒருத்தியைப் புராணத்திலோ காப்பியத்திலோ தேடினால் நம் நினைவு தடுமாறுகிறது. அவள் எங்கே போனாள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மருத்துவ நூல்கள் இதற்குப் பகுதி விடை தருகின்றன. இலக்கியமும் சமூக வரலாறும் எஞ்சிய பகுதியைத் தர வேண்டும்.

கூடல் அரண்மனையில்

மதுரையிலிருந்தே தொடங்குவோம். சிலப்பதிகார வழக்குரை காதையில் கோப்பெருந்தேவி தீக்கனாக் கண்டு கலங்கி அரசனை நாடிச் செல்கிறாள். கண்ணாடியும் கலனும் நறும்புகையும் ஏந்தியவர் உடன்வருகின்றனர். அக்கூட்டத்தில் கூனரும் குறளரும் ஊமரும் இருக்கின்றனர் என்கிறார் இளங்கோவடிகள். அன்றைக்கே அரசனும் அரசியும் மாண்டனர், நகரம் எரிந்தது. அரசியைத் தொடர்ந்து நடந்த அந்தக் குற்றேவல் மாந்தர் என்ன ஆயினர் என்று காப்பியம் சொல்லவில்லை. அவர்கள் அரண்மனையின் அணிகலன்கள்போல் அவ்விடத்தில் நின்றவர்கள். அவர்களுக்கென்று தனிக்கதை இல்லை.

தனிக்கதை கிடைக்கும் ஓரிடம் கலித்தொகை. மருதக்கலியின் 94ஆம் பாடல் அரண்மனைப் பணியாளரான குறளன் ஒருவனும் கூனி ஒருத்தியும் வழியில் நின்று பேசிக்கொள்வது. ஒருவர் உருவத்தை மற்றவர் எள்ளுகின்றனர். பின்னர் மனம் இசைகின்றனர். அரசவையார் கண்ணில் படாத சோலையில் கூடலாம் என்று உடன்படுகின்றனர். வகுப்பறையில் இப்பாடலை நடத்துகையில் சிரிப்பு எழுவதை ஆசிரியர்கள் அறிவோம். சிரிப்பு அடங்கிய பின் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈராயிரம் ஆண்டு மரபில் இவ்வகை உடல் கொண்டோர்க்கு விருப்பம் உண்டு, கூடல் உண்டு என்று ஒத்துக்கொண்ட அரிய பாடல் இது.

ஒத்துக்கொண்டதற்கும் ஓர் எல்லை உண்டு. அடியோரும் வினைவலரும் கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் உரியர் என்று தொல்காப்பியம் வகுத்த விதிக்குள்தான் இப்பாடல் நிற்கிறது. அன்பின் ஐந்திணைக்குள் அவர்களுக்கு இடமில்லை. மருதத்தில் தலைவியின் ஊடல் தணியப் புதல்வன் வாயிலாக வருவான். தெருவில் தேருருட்டும் அச்சிறுவனைச் சுற்றி எத்தனை பாடல்கள்! கூனிக்கோ குறளனுக்கோ அப்படி ஒரு புதல்வன் எப்பாட்டிலும் பிறக்கவில்லை. காமம் வரைக்கும் வந்த மரபு தாய்மையின் வாயிலில் நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதற்கு ஒரு குறிப்புப் புறநானூற்றில் கிடைக்கிறது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு உரைத்த 28ஆம் பாட்டு, மக்கட் பிறப்பில் எட்டுவகை எச்சங்களை எண்ணுகிறது. குருடும் கூனும் செவிடும் அவற்றுள் உண்டு. குறளும் உண்டு. அதே வரிசையில் உறுப்பமையாத வெறும் தசைப்பிண்டமும் வைக்கப்பட்டுள்ளது. பிறவாமற் போன பிறப்பும் பிறந்து வாழ்கின்ற குறளரும் ஒரே பட்டியலில்! குறளர் என்போர் ஒரு தாயின் பேறு பழுதானதன் விளைவு என்று கருதிய சமூகம், அவளே தாயாவதைக் கற்பனை செய்யத் துணியாததில் வியப்பில்லை.

சிலையும் எலும்பும்

இது தமிழர்க்கு மட்டும் உரிய மௌனம் அன்று. எகிப்தின் கீசாவில் செனெப் என்ற உயர் அலுவலரின் கல்லறை உள்ளது. நாலாயிரம் ஆண்டுக்கு முற்பட்டது. செனெப் குறளுருவினர். அவர் மனைவி அருகமர்ந்து அணைத்திருக்க, இயல்பான மனிதரின் கால்கள் தொங்கும் இடத்தில் அவருடைய இரு குழந்தைகளை நிறுத்திச் செதுக்கியுள்ளான் சிற்பி. கெய்ரோ அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் தவறாமல் காணும் சிற்பம் அது. குறளுருவான தந்தையின் பெருமைக்கு அதைவிட அழகிய சான்று இல்லை.

அதே கீசாவில், பிரமிடு கட்டிய தொழிலாளரின் இடுகாட்டில், குறளுருவான ஒரு பெண்ணின் எலும்புக்கூடு அகழ்ந்தெடுக்கப்பட்டது. அவள் இடுப்பெலும்புக்குள் சிசுவின் எலும்புகள் இருந்தன. பேறுகாலத்தில் இறந்தவள். தந்தைக்குச் சிலை கிடைத்த மண்ணில் தாய்க்குக் கிடைத்தது அவளது எலும்பே. அவள் தாயாக இருந்தாள் என்பதை அவளுடைய மரணத்தின் வழியாகத்தான் நாம் அறிகிறோம்.

அம்மரணத்தின் காரணத்தை அறிந்துகொண்டால் பிற்கால வரலாறு விளங்கும். பிள்ளைப்பேற்றுக்கு உயரம் நேரான தடை அன்று. குறளுருவுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அக்கான்ட்ரோபிளேசியா எனப்படும் எலும்பு வளர்ச்சிக் குறை. 1878இல் பிரெஞ்சு மருத்துவர் பாரோ இப்பெயரை இட்டார். இவ்வகையினர்க்குக் கைகால்கள் குட்டையாக இருப்பினும் உடற்பகுதி ஏறத்தாழ இயல்பான நீளமே. கரு தங்குகிறது, வளர்கிறது, நிறைமாதமும் ஆகிறது. ஆனால் இடுப்பெலும்பின் வாயில் முன்பின்னாக ஒடுங்கியிருப்பதால் குழந்தையின் தலை இறங்க வழியில்லை. குழந்தை தாயைப் போன்றதாக இருப்பின் தலை சற்றே பெரிதாகவும் இருக்கக்கூடும். வலி வரும், வழி இராது. அறுவை மருத்துவம் முதிராத காலத்தில் இதற்கு இரண்டு முடிவுகளே இருந்தன: தாயும் சேயும் இறப்பது, அல்லது சேயை உள்ளேயே சிதைத்து எடுத்துத் தாயைக் காக்க முயல்வது. சுசுருத சம்ஹிதை மூடகர்ப்பம் என்ற தலைப்பில் பேசும் கொடிய நிலை இத்தகையதே.

அரசனின் ஆணையும் கண்காட்சிக் கூடாரமும்

1710 நவம்பரில் ரஷ்யப் பேரரசன் பீட்டர், யக்கிம் வோல்கோவ் என்ற தன் அரண்மனைக் குறளனுக்குத் திருமணம் செய்துவைத்தான். நாட்டின் பல பகுதிகளிலிருந்து குறளுருவினர் வரவழைக்கப்பட்டனர். நெட்டையான விருந்தினர் சுற்றியமர்ந்து சிரித்தனர். மணமகள் பின்னர்ப் பேறுகாலத்தில் இறந்ததாகவும், அதன்பின் இத்தகையோர் மணம் செய்துகொள்வது தடுக்கப்பட்டதாகவும் ரஷ்ய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்துள்ளனர். இந்தத் தீர்ப்பு நோக்கத்தக்கது. ஒரு பெண்ணைக் காக்க வழி தெரியாதபோது, வழியைத் தேடாமல் அவளுக்கு வாழ்வையே மறுப்பது. பீட்டருக்குப் பின்னும் பலர் இதே தீர்ப்பை எழுதினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரண்மனையின் இடத்தைக் கண்காட்சி எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் பி. டி. பார்னம் நடத்திய காட்சிகளால் உலகப் புகழ் பெற்றவர்கள் 'டாம் தம்ப்' எனப்பட்ட சார்லஸ் ஸ்ட்ராட்டனும் லவினியா வாரனும். 1863இல் நியூயார்க்கில் அவர்கள் திருமணம் நடந்தது. பின்னர் ஒரு குழந்தையுடன் அவர்கள் எடுத்துக்கொண்ட படங்கள் ஆயிரக்கணக்கில் விற்றன. அக்குழந்தை அவர்களுடையது அன்று. காட்சிக்காக இரவல் வாங்கப்பட்டது. லவினியாவே முதுமையில் இதை ஒப்புக்கொண்டார். குறளுருவான தாய் என்ற காட்சிக்குக் கூட்டம் கூடியது. உண்மையான தாய்மையில் எவர்க்கும் அக்கறை இல்லை.

உண்மையான தாய்மை அதே குடும்பத்தில் நேர்ந்தது. லவினியாவின் தங்கை மின்னி வாரன், அக்காளைவிடவும் குட்டையானவர், கருவுற்றார். 1878 ஜூலை 23 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து மிடில்பரோவில் பேறுகாலத்தில் இறந்தார். குழந்தை இயல்பான பருமன் உடையது. சில மணி நேரமே உயிர் தரித்தது. அவருக்கு மருத்துவர் உண்டு, பணம் உண்டு, புகழும் உண்டு. அக்காலத்து மருத்துவத்தில் அவருக்கு வழிதான் இல்லை.

கிளாஸ்கோவில் ஒரு வசந்தகாலம்

வழி அப்போதுதான் திறக்கத் தொடங்கியிருந்தது. 1876 மே மாதம் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ போர்ரோ, ஜூலியா கவல்லீனி என்ற இளம்பெண்ணின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார். ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயால் அப்பெண்ணின் இடுப்பு கோணியிருந்தது. தாயும் சேயும் பிழைத்தனர். ஆனால் குருதிப்பெருக்கையும் சீழ்நோயையும் தவிர்க்க அவள் கருப்பையையே அகற்ற வேண்டியிருந்தது. உயிருக்கு விலையாக மறுபேற்றின் வாய்ப்பு போயிற்று. 1882இல் ஜெர்மானியரான மாக்ஸ் சேங்கர் கருப்பையைத் தைத்து மூடும் முறையை வெளியிட்ட பின்னரே அவ்விலை தேவையற்றதாயிற்று.

1888 ஏப்ரல் 10. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவமனையில் கேதரின் கோல்கூன் என்ற 27 வயதுப் பெண் இருந்தார். உயரம் 3 அடி 8½ அங்குலம். அவருக்கும் ரிக்கெட்ஸ். மருத்துவர் மர்டாக் கேமரன் நுண்ணுயிர் நீக்கும் முறைகளைக் கையாண்டு அறுவை செய்து, கருப்பையைத் தைத்து மூடினார். தாய் பிழைத்தார். ஆண்குழந்தையும் பிழைத்தது, அதற்கு 'சீசர் கேமரன்' என்று பெயரிட்டனர். இன்று நம் ஊர்களில் ஆபரேஷன் பிள்ளை என்று இயல்பாகப் பேசப்படும் சிசேரியனின் நவீன வரலாற்றில் இதுவொரு மைல்கல்.

இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்துணர வேண்டும். போர்ரோவும் கேமரனும் கண்ட பெண்களின் குறை பிறவியில் வந்ததன்று. வெயிலும் நல்லுணவும் கிட்டாத தொழில்நகரச் சந்துகள் தந்தது. வைட்டமின் டி பற்றிய அறிவு 1922 வாக்கில்தான் தெளிவுபெற்றது. காஷ்மீரில் பணியாற்றிய கேத்லீன் வான் என்ற மருத்துவர், திரைக்குள் அடைபட்ட பெண்களுக்கு இடுப்பெலும்பு கோணுவதையும், வெளியில் உழைக்கும் படகுக்காரப் பெண்கள் எளிதில் பிள்ளை பெறுவதையும் ஒப்பிட்டு 1928இல் ஒரு நூலே எழுதினார். ஆக, 'விதி' என்று சொல்லப்பட்டதில் ஒரு பங்கு வறுமையும் வழக்கமும் செய்த வினை.

இரண்டாவது செய்தி இன்னும் பெரிது. உலகெங்கும் கோடிக்கணக்கான தாய்மாரைக் காத்த அறுவை முறை, உருவத்தால் ஒதுக்கப்பட்ட பெண்களின் உடலில்தான் தேறியது. மருத்துவர் பெயர்கள் பாடநூல்களில் நிலைத்தன. கவல்லீனியும் கோல்கூனும் அடிக்குறிப்பாயினர்.

வழி பிறந்துவிட்டதால் தீர்ப்பு மாறிவிட்டதா என்றால், இல்லை. 1933இல் ஜெர்மனியின் நாஜி அரசு இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டம் கடுமையான பரம்பரை உடற்குறைகளையும் தன் பட்டியலில் சேர்த்தது. 1944இல் டிரான்சில்வேனியாவின் ஓவிட்ஸ் என்ற யூத இசைக்குடும்பம் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவர்களுள் எழுவர் குறளுருவினர். மெங்கலே அவர்களை ஆய்வுப்பொருளாக்கி வதைத்தான். அவர்கள் உயிரோடு மீண்டது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. பீட்டரின் விலக்கு, அறிவியலின் பெயரால் திரும்பி வந்ததையே இங்கே காண்கிறோம்.

எழுமலையிலிருந்து மதுரைக்கு

நம் நாட்டில் இக்கதை தூரத்தின் கதையாகவும் இருக்கிறது. சென்னையில் மகப்பேறு மருத்துவமனை 1844இலேயே தோன்றியது. பின்னர் எழும்பூரில் நிலைபெற்றது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1885இல் டஃபரின் நிதியம் தொடங்கப்பட்டது. அக்காலத்திலேயே அமெரிக்க மதுரை மிஷனின் பெண் மருத்துவர்கள் மதுரையில் பணியைத் தொடங்கினர். 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி வந்தது. எர்ஸ்கின் மருத்துவமனை என்று தொடங்கி இன்று இராசாசி பெயரைத் தாங்கும் பெரியாஸ்பத்திரி அதனோடு இணைந்தது.

ஆனால் மருத்துவமனை மதுரையில் இருப்பதும், பேறுகால வலி எழுமலையில் வருவதும் வெவ்வேறு செய்திகள். உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, மேற்கு மலைத்தொடரை ஒட்டிய மானாவாரிச் சீமையில் உள்ள எழுமலை போன்ற ஊர்களில் பல தலைமுறைகளுக்கு மருத்துவச்சியே மருத்துவர். தலை திரும்பாத பிள்ளையையும் அவர்களில் சிலர் கைப்பழக்கத்தால் திருப்பி எடுத்ததுண்டு. ஒடுங்கிய எலும்பை அகற்ற எந்தக் கைப்பழக்கமும் உதவாது. மாட்டுவண்டியில் உசிலம்பட்டி சேர்ந்து, அங்கிருந்து மதுரை சேர்வதற்குள் பொழுது கடந்துவிடும். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையிலும் வெள்ளத்தால் வர இயலாத தாய்க்குப் பதிலாக இறைவனே தாயாக வரவேண்டியிருந்தது. தூரம் என்பது பேறுகாலத்தின் பழைய எதிரி என்பதை அக்கதை அறிந்திருக்கிறது.

மதுரைச் சீமையின் பழைய பாதைகளில் நடந்தவர்கள் சுமைதாங்கிக் கல்லைக் கண்டிருப்பர். இரண்டு கல் நிறுத்தி, மேலே ஒரு கல் கிடத்தியிருக்கும். வயிற்றுச் சுமையை இறக்காமலே இறந்த கருவுற்ற பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்க அதை நட்டனர். தமிழ்ச் சமூகம் தன் குற்றவுணர்வைக் கல்லாக்கிய இடங்கள் அவை. அவற்றுள் எந்தக் கல் யாருக்கானது, அவள் உருவம் எத்தகையது என்று இன்று சொல்வாரில்லை. ஏட்டில் இடம்பெறாத குறளுருத் தாய்மாரின் வரலாறு நமக்கு எங்கேனும் இருக்குமாயின் இக்கற்களின் அடியில்தான் இருக்க முடியும்.

2008இல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்தபின் தூரம் சுருங்கியது. ஆயினும் குறளுருவான பெண்ணின் பேற்றுக்கு விரைவு மட்டும் போதாது, முன்னேற்பாடு வேண்டும். அறுவைப் பேறே அவர்களுக்குப் பெரும்பாலும் ஏற்ற வழி. முதுகுத்தண்டுக் குழாய் ஒடுங்கியிருப்பதால் முதுகில் போடும் மயக்க மருந்தின் அளவைக் கணிப்பது கடினம். முழு மயக்கம் கொடுப்பதாயின் மூச்சுக்குழாய் காக்கும் பணி அரிது. உடற்பகுதியும் குட்டையான வகையினர்க்குக் கடைசி மாதங்களில் கருப்பை மேலெழுந்து மூச்சை நெருக்கும். எனவே வலி வரும்வரை ஊரில் காத்திராமல், நாள் குறித்து, தேர்ந்த மயக்கவியல் மருத்துவர் உள்ள மருத்துவமனையில் முன்கூட்டியே சேர்வதே முறை. இவையெல்லாம் செய்யக்கூடியவை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டேசி ஹெரால்ட், இரண்டடி நான்கங்குல உயரமே உடையவர், மருத்துவர்கள் எச்சரித்தும் 2006 முதல் 2009 வரை மூன்று குழந்தைகளைப் பெற்றார். 2018 வரை அவர்களை வளர்த்து வாழ்ந்தார்.

முதற்கேள்வி எது?

குழந்தையும் தாயைப் போலவே பிறந்துவிட்டால் என்ன செய்வது என்று உறவினர் கேட்பர். 1994இல் அக்கான்ட்ரோபிளேசியாவுக்குக் காரணமான மரபணு கண்டறியப்பட்டது. இக்குறையுடையோரில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் இயல்பான உயரமுள்ள பெற்றோருக்கே பிறக்கின்றனர். தாய்க்கு மட்டும் இக்குறை இருப்பின் பிள்ளைக்கு வருவதற்குப் பாதி வாய்ப்பு. இருவர்க்கும் இருப்பின் நான்கில் ஒரு பங்கு இயல்பான உயரமும், இரு பங்கு பெற்றோரைப் போன்ற உருவமும், எஞ்சிய ஒரு பங்கு பிழைக்க இயலாத கடுமையும் நேரும். இந்த இறுதிப் பங்கு துயரமானது. அதை முன்னரே அறிந்துகொள்ளவும் எண்ணித் துணியவும் அப்பெற்றோருக்கு உரிமை உண்டு. ஆனால் அம்மாவைப் போன்ற பிள்ளை என்பது துயரம் அன்று. அதைத் துயரம் என்போர், அந்த அம்மாவின் முகத்துக்கு எதிரே அவள் வாழ்வைக் குறைசொல்கின்றனர்.

சட்டம் இப்போது ஓரளவு அவள் பக்கம் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 4 அடி 10 அங்குலமும் அதற்குக் குறைவுமான குள்ளத்தன்மையை ஒரு வகையாக ஏற்றது. மகப்பேறு, குடும்ப நலம் பற்றிய தகவல்களைப் பெறும் உரிமையை 10ஆம் பிரிவு தருகிறது. மனமார்ந்த இசைவின்றிக் கருத்தடை செய்வதையும் விலக்குகிறது. மாற்றுத்திறனாளிப் பெண்ணின் கருவை அவள் இசைவின்றிக் கலைப்பது 92ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. எனினும் 'கடுமையான குறைபாடு' என்றால் காப்பாளரின் இசைவும் மருத்துவரின் கருத்தும் போதும் என்று அங்கேயே ஒரு கதவு திறந்து கிடக்கிறது. கடுமை எது என்று யார் சொல்வது? பீட்டர் அரசனின் நிழல் இன்னும் முற்றாக விலகவில்லை.

கருவுற்ற குறளுருவினர் ஒருவர் வாயிலில் நுழைந்ததும் நம் ஊர்களில் எழும் முதற்கேள்வி, 'இவளுக்கு எதற்குப் பிள்ளை?' என்பதே. அதைக் கேட்பவர் அவளிடம்கூடக் கேட்பதில்லை, உடன்வந்தவரிடம் கேட்பார். கீசாவின் இடுகாட்டிலிருந்து கிளாஸ்கோவின் அறுவை அறை வரையிலான நெடுங்கதை கற்பிக்கும் பாடம், கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பதுதான். எந்த மருத்துவமனை, எந்த நாள், மயக்க மருந்து கொடுப்பவர் யார், எழுமலையிலிருந்து எப்போது புறப்படுவது? அவளிடமே, அவள் கண்மட்டத்துக்கு அமர்ந்து கேட்க வேண்டும். பரிசோதனைக் கட்டிலின் அருகே ஏறுவதற்கு ஒரு சிறு படிப்பெட்டியும் வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.